வாக்கியத்தைப் பிடித்தால் ஆங்கிலம் வரும்

ஆங்கிலச் சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட, அவை வரும் முழு வாக்கியத்தோடு சேர்த்துப் படிப்பதே அன்றாட ஆங்கிலத்துக்குப் பயன்தரும் வழி. சொல்லின் பொருள், அது எந்தச் சொல்லோடு சேரும், அதற்குப் பின்னால் என்ன வரும், காலத்துக்கேற்ப எப்படி உருமாறும் என்ற எல்லாமே வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கின்றன. பட்டியலில் பொருள் மட்டும்தான் இருக்கும். பல நேரங்களில் அதுவும் அரைகுறையாகவே இருக்கும்.

தமிழில் ‘போடு’ என்ற வினையை எடுத்துக்கொள்ளலாம். சட்டை போடுவது, தோசை போடுவது, ஃபேன் போடுவது, ஃபோன் போடுவது, கையெழுத்துப் போடுவது, சண்டை போடுவது, ஊசி போடுவது என்று ஒரு வீட்டில் காலை முதல் இரவு வரை அது செய்யாத வேலை இல்லை. ‘போடு’ என்றால் ‘புட்’ என்று படித்துவைத்த மாணவர் எல்லா இடத்திலும் அதையே சொல்லப் பார்ப்பார். ஆங்கிலத்திலோ சட்டைக்கு ‘புட் ஆன்’, தோசைக்கு ‘மேக்’, ஃபேனுக்கு ‘டர்ன் ஆன்’, ஃபோனுக்கு ‘கால்’, கையெழுத்துக்கு ‘சைன்’, ஊசிக்கு ‘கிவ்’. எதிர்த்திசையிலும் இதே சிக்கல்தான். ‘டேக்’ என்றால் ‘எடு’ என்கிறது பட்டியல். ஆனால் ‘டேக் திஸ் டேப்லெட் ஆஃப்டர் ஃபுட்’ என்று டாக்டர் சொன்னால் மாத்திரையைச் சாப்பிட வேண்டும். ‘வீ டுக் எ பஸ் டு தஞ்சாவூர்’ என்றால் பஸ் ஏறிப் போனார்கள். ‘இட் டேக்ஸ் டூ அவர்ஸ்’ என்றால் இரண்டு மணி நேரம் ஆகும். இந்த மூன்றிலும் ‘எடு’ என்ற பொருள் உதவாது. மூன்று வாக்கியங்களையும் படித்தவருக்கு ‘டேக்’ தானாகப் புரிந்துவிடும்.

அகராதிக்குள் வாக்கியம் வந்த கதை

ஆங்கில அகராதிக்காரர்கள் இதை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். 1755-ல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் எழுத்தாளர்களின் நூல்களிலிருந்து எடுத்த மேற்கோள்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தன. ஜேம்ஸ் மர்ரே 1879-ல் ஆசிரியராகப் பொறுப்பேற்ற ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குப் பல நாட்டு வாசகர்கள் புத்தகங்களிலிருந்து வாக்கியங்களைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பினார்கள். 1928-ல் அந்த அகராதி நிறைவடைந்தபோது அதில் சுமார் 18 லட்சம் மேற்கோள்கள் இருந்தன. ஆனால் இவையெல்லாம் ஏற்கெனவே ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கானவை. வேற்றுமொழிக்காரர்களுக்காக வாக்கியங்களை அடுக்கிக் கொடுக்கும் வேலை ஆசியாவில்தான் சூடுபிடித்தது.

ஹெரால்டு பாமர் 1916-லேயே மாற்று அட்டவணைகள் கொண்ட புத்தகம் ஒன்றை வெளியிட்டார். ஒரே வாக்கியத்தின் சட்டகத்தில் எழுவாயையோ செயப்படுபொருளையோ மட்டும் மாற்றிப்போட்டுப் பல வாக்கியங்கள் உருவாக்கும் பயிற்சி அது. 1922-ல் அவர் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் ஆலோசகராக டோக்கியோ போனார். ஜப்பானில் ஆசிரியராக இருந்த ஏ. எஸ். ஹார்ன்பி அவரோடு சேர்ந்து வேலை செய்தார். ஹார்ன்பியும் கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய இருவரும் தொகுத்த கற்போர் அகராதி 1942-ல் டோக்கியோவில் அச்சானது. ஒவ்வொரு வினைக்கும் பின்னால் எந்த அமைப்பு வரும் என்று எடுத்துக்காட்டோடு காட்டியதுதான் அதன் புதுமை. 1948-ல் அதையே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. இன்று மாணவர் மேசைகளில் கிடக்கும் ‘ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்’ அகராதிக்கு அதுதான் மூலம்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. அன்றைய வங்காளத்தின் டாக்காவில் ஆசிரியர் பயிற்சியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், எந்தச் சொற்களை முதலில் கற்பிப்பது என்ற கேள்வியோடு வகுப்பறைகளைப் பார்த்தவர். 1935-ல் அவர் வெளியிட்ட அகராதி 1,490 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் விளக்கம் தந்தது. 1953-ல் வந்த அவருடைய பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள். சாதாரண எழுத்தில் வரும் சொற்களில் சுமார் 80 சதவீதம் இந்த அளவுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அன்றாட ஆங்கிலத்துக்குச் சொல் பற்றாக்குறை உண்மையான தடை அல்ல என்பது இதிலிருந்தே தெரிகிறது. இந்த 2,000 சொற்களை வைத்து வாக்கியம் அமைக்க வராததுதான் தடை.

1950-களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயர்பெற்ற பெரிய முயற்சி ஒன்று நடந்தது. தொடக்க வகுப்புகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தருவது அதன் நோக்கம். ஒரு சிறு குழு பயிற்சி பெற்று அடுத்த குழுவுக்குச் சொல்லித்தர, அந்தக் குழு அதற்கடுத்த குழுவுக்குச் சொல்லித்தந்தது. எளிய வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கும் முறைதான் அதன் உள்ளடக்கம். ‘திஸ் இஸ் எ பென்’, ‘தட் இஸ் எ டோர்’ என்று வகுப்பே சேர்ந்து முழங்கும் வழக்கத்துக்குப் பின்னால் இருப்பது இந்த முறைதான். அமைப்பு மனத்தில் பதிந்தது, ஆனால் அதை எப்போது பயன்படுத்துவது என்பது பதியவில்லை என்ற குறை பிறகு எழுந்தது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் பள்ளிகளில் நடத்திய திட்டம் அந்தக் குறைக்குப் பதில் தேடியது. ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து, அதைப் பார்த்து ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொன்னார்கள். அந்த வேலையினூடே ஆங்கிலம் வந்தது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. தேவை இல்லாமல் மனப்பாடம் செய்த வாக்கியம் நிற்பதில்லை. வாக்கியமே கையில் இல்லாதவருக்குத் தேவை வரும்போது பேச்சு எழுவதில்லை.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் தயாரான ‘கோபில்ட்’ அகராதி 1987-ல் இன்னும் ஓர் அடி முன்னே போனது. கணினியில் சேர்த்துவைத்த உண்மையான எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் எடுத்த எடுத்துக்காட்டுகளையே அது தந்தது. பொருள் விளக்கத்தைக்கூட முழு வாக்கியமாக எழுதியது. தமிழிலும் 1992-ல் வந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ அன்றாட வழக்கிலிருந்து எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் கொடுத்து அகராதியின் தோற்றத்தையே மாற்றியது.

தமிழருக்கு இடறும் இடங்கள்

இலக்கண விதி என்பது பல வாக்கியங்களைப் பார்த்து ஒருவர் எழுதிய குறிப்பு. குறிப்பை முதலில் படித்துவிட்டு வாக்கியத்துக்கு வருவதால்தான் பலருக்கு இலக்கணம் என்றாலே அலுப்பு. தமிழ் வாக்கியத்தையும் ஆங்கில வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விதி கண்ணுக்கு முன்னாலேயே தெரியும்.

‘அவர் டாக்டர்’ என்பது தமிழில் முழு வாக்கியம். வினையே வேண்டாம். ஆங்கிலத்தில் ‘ஹீ இஸ் எ டாக்டர்’ என்று இரண்டு சின்னச் சொற்கள் கூடுதலாக வர வேண்டும். தமிழர் இவற்றை விட்டுவிடுவதற்குக் கவனக்குறைவு காரணம் அல்ல. தமிழில் அந்த இடமே கிடையாது.

‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்கள் இன்னும் சுவையானவை. எனக்குப் பசிக்கிறது, எனக்கு அவரைத் தெரியும், எனக்கு நீந்தத் தெரியும், எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், எனக்குக் காய்ச்சல். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே தொடக்கம். ஆங்கிலத்தில் எல்லாமே ‘ஐ’ என்று தொடங்கினாலும் அடுத்த சொல் ஆளுக்கொரு பக்கம் போகிறது: ‘ஐ ஆம் ஹங்ரி’, ‘ஐ நோ ஹிம்’, ‘ஐ கேன் ஸ்விம்’, ‘ஐ ஹேவ் எ யங்கர் சிஸ்டர்’, ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’. இந்த ஐந்து வாக்கியங்களைப் பழக்கிக்கொண்டவர் ‘டு மீ’ என்று தொடங்கித் தடுமாற மாட்டார். இதை விளக்க ஒரு பக்க இலக்கணம் எழுதலாம். ஐந்து வாக்கியங்கள் அதே வேலையைச் சீக்கிரம் செய்துவிடும்.

தமிழ் நிகழ்காலத்தில் ‘குடிக்கிறேன்’ என்ற ஒரே வடிவம் வழக்கத்தையும் குறிக்கும், இந்த நிமிடத்தையும் குறிக்கும். ஆங்கிலம் பிரிக்கிறது. தினமும் என்றால் ‘ஐ டிரிங்க் காபி எவ்ரி மார்னிங்’. இப்போது என்றால் ‘ஐ ஆம் டிரிங்கிங் காபி’. இரண்டாவது வடிவத்தில் மனம் சிக்கிக்கொள்வதால் ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்ற வாக்கியம் தமிழ்நாட்டில் எங்கும் கேட்கிறது. ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்பதே சரி. அதற்காக ‘ஹேவிங்’ எங்குமே வராது என்று விதி போட்டுவிடவும் கூடாது. ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ என்பது நல்ல ஆங்கிலம். அங்கே அந்தச் சொல் வைத்திருப்பதைக் குறிக்கவில்லை, சாப்பிடுவதைக் குறிக்கிறது. இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

‘அவர் காசிக்குப் போயிருக்கிறார்’ என்று ஒருவர் சொன்னால், இப்போது காசியில் இருக்கிறாரா, எப்போதோ ஒருமுறை போய்வந்தவரா என்பதைப் பேச்சின் போக்கை வைத்துத்தான் தமிழர் புரிந்துகொள்வார். ஆங்கிலம் அதை வாக்கியத்திலேயே சொல்லிவிடும். இன்னும் திரும்பவில்லை என்றால் ‘ஹீ ஹேஸ் கான் டு காசி’. போய்வந்தவர் என்றால் ‘ஹீ ஹேஸ் பீன் டு காசி’. எப்போது போனார் என்று குறிப்பிட்டுச் சொன்னால் ‘ஹேஸ்’ கழன்றுவிடும்: ‘ஹீ வென்ட் டு காசி லாஸ்ட் வீக்’. இந்த மூன்றும் ஒன்றாக ஒரே பக்கத்தில் இருக்க வேண்டிய வாக்கியங்கள்.

‘எ’, ‘தி’ இரண்டும் தமிழில் இல்லை என்று சொல்லுவது வழக்கம். சொல்லாக இல்லை, அவ்வளவுதான். ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் கேட்பவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். முதலாவது ‘ஐ பாட் எ புக்’, இரண்டாவது ‘ஐ பாட் தி புக்’. இந்த வேறுபாட்டைத் தமிழர் சிறுவயது முதலே பிசகாமல் கையாளுகிறார். தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் அந்த உணர்வை ஆங்கிலத்துக்கு மாற்றத் தெரிந்தால் பாதித் தயக்கம் போய்விடும். ‘தேர் இஸ் எ டாக் அட் தி கேட். தி டாக் இஸ் அஸ்லீப்’ என்ற ஜோடியும் உதவும்: முதல்முறை சொல்லும்போது ‘எ’, தெரிந்துவிட்ட பிறகு ‘தி’.

கேள்வியில் தமிழ் ஓர் ‘ஆ’ சேர்த்தால் போதும்: வந்தீர்கள், வந்தீர்களா. ஆங்கிலத்தில் ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ முன்னால் வந்து நிற்கும். ‘டிட்’ இறந்தகாலத்தைத் தானே சுமந்துகொள்வதால் பின்னால் வரும் வினை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ‘டிட் யூ வென்ட்’ தவறு. ‘டிட் யூ கோ’ சரி. கேள்விக்குள் கேள்வி வரும்போது வரிசை மறுபடி நேராகும். ‘வேர் இஸ் தி பேங்க்?’ என்று நேராகக் கேட்கலாம். ‘டு யூ நோ வேர் தி பேங்க் இஸ்?’ என்றும் கேட்கலாம். இரண்டாவதில் ‘இஸ்’ கடைசிக்குப் போய்விட்டதைக் காதால் கேட்டுப் பழக வேண்டும்.

முன்னிடைச்சொற்களுக்கு விதி தேடுவதில் பயன் குறைவு. ‘அட் ஃபைவ் ஓ கிளாக்’, ‘ஆன் மண்டே’, ‘இன் ஜூன்’, ‘குட் அட் மேத்ஸ்’, ‘மேரீட் டு எ டீச்சர்’ என்று தொடராகவே மனத்தில் வைப்பது நல்லது. ‘வீ டிஸ்கஸ்ட் தி மேட்டர்’ என்பதில் ‘அபௌட்’ வராது. ‘விஷயத்தைப் பற்றி’ என்று நினைப்பதால்தான் அது நுழைகிறது.

மரியாதைக்குத் தனி இடம் தர வேண்டும். தமிழில் மரியாதை வினையின் விகுதியில் இருக்கிறது: தாங்க, சொல்லுங்க, உட்காருங்க. அந்த ‘ங்க’ ஆங்கிலத்துக்குப் போகும்போது உதிர்ந்துவிடுகிறது. பஸ்ஸில் ‘கொஞ்சம் தள்ளி உட்காருங்க’ என்று பணிவாக நினைத்தவர் ‘சிட் தேர்’ என்று சொன்னால் அதட்டலாகிவிடும். ஆங்கிலத்தில் பணிவு வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது: ‘குட் யூ மூவ் எ லிட்டில், ப்ளீஸ்?’ இங்கே ‘குட்’ இறந்தகாலம் அல்ல, பணிவின் அடையாளம். ‘வுட் யூ மைண்ட் மூவிங் எ லிட்டில்?’ என்பது இன்னும் மென்மையானது. இதற்குச் சம்மதம் தெரிவிக்க ‘நாட் அட் ஆல்’ என்பார்கள். உங்களுக்குச் சிரமமா என்பதுதான் கேள்வி. ‘யெஸ்’ என்றால் சிரமம்தான் என்று பொருள்படும். வேலைக்கான நேர்காணலிலும் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையிலும் ஒருவரின் ஆங்கிலத்தை மற்றவர் எடைபோடுவது அருஞ்சொற்களால் அல்ல, இத்தகைய வாக்கியங்களால்தான். பாடப்புத்தகங்கள் இதற்கு இன்னும் நிறைய இடம் ஒதுக்க வேண்டும்.

ஒரு வாக்கியம், பல பாடம்

‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் தி பஸ் சின்ஸ் சிக்ஸ் ஓ கிளாக்.’ ஆறு மணியிலிருந்து பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருக்கிறேன். தமிழில் இது நிகழ்காலம் என்பதால் ‘ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் சிக்ஸ்’ என்று வருவது இயல்பு. ஆனால் முன்பே தொடங்கி இப்போதும் தொடர்வதை ‘ஹேவ் பீன்’ என்றுதான் ஆங்கிலம் சொல்லும். ‘வெயிட்’டுக்குப் பின் ‘ஃபார்’ ஒட்டிக்கொண்டு வருகிறது. எந்தப் பஸ் என்பது பேசுகிறவருக்குத் தெரியும், அதனால் ‘தி’. தொடங்கிய நேரத்தைச் சொல்வதால் ‘சின்ஸ்’.

இப்போது ஓர் இடத்தை மட்டும் மாற்றலாம். ஆறு மணி என்ற புள்ளிக்குப் பதில் அரை மணி நேரம் என்ற அளவு வந்தால் ‘சின்ஸ்’ போய் ‘ஃபார்’ வரும்: ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் தி பஸ் ஃபார் ஹாஃப் அன் அவர்’. தமிழில் ‘ஆறு மணியிலிருந்து’, ‘அரை மணி நேரமாக’ என்று உருபு மாறுவது போலவே இங்கேயும் சொல் மாறுகிறது. ‘ஐ’ இருந்த இடத்தில் ‘ஷீ’ வந்தால் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ ஆகும். கேள்வியாக்கினால் ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் வெயிட்டிங்?’ பஸ்ஸை எடுத்துவிட்டு டாக்டரை வைக்கலாம், ரிசல்ட்டை வைக்கலாம், தம்பியின் ஃபோனை வைக்கலாம். பாமரின் மாற்று அட்டவணை செய்தது இதைத்தான். ஒரு வாக்கியத்தை இப்படிப் பத்து விதமாகத் திருப்பிச் சொன்னவருக்கு அந்தக் காலத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

எந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பது

விதியைக் காட்டுவதற்காகவே செய்த வாக்கியங்களில் எச்சரிக்கை தேவை. செயப்பாட்டு வினைக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தரப்படுவது ‘ராமா கில்ட் ராவணா’, ‘ராவணா வாஸ் கில்ட் பை ராமா’. மாற்றும் வித்தை இதில் புரியும். எதற்காக மாற்ற வேண்டும் என்பது புரியாது. செய்தவர் யாரென்று தெரியாதபோதும், அதைச் சொல்வது முக்கியமில்லாதபோதும்தான் ஆங்கிலம் பெரும்பாலும் இந்த அமைப்பை நாடுகிறது. ‘மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்’, ‘தி ட்ரெயின் ஹேஸ் பீன் கேன்சல்ட்’, ‘ஐ வாஸ் பார்ன் இன் மதுரை’ ஆகிய மூன்றிலும் ‘பை’ இல்லை என்பதைக் கவனித்தால் பாடத்தின் சாரமே கிடைத்துவிடும்.

நல்ல எடுத்துக்காட்டில் புதிதாக ஒரே ஒரு விஷயம் இருக்கும். மற்ற சொற்களெல்லாம் தெரிந்தவையாக இருக்கும். நாளைக்கே சொல்ல வாய்ப்புள்ள வாக்கியமாகவும் இருக்கும். கடைக்காரருக்குக் கடை வாக்கியம், நர்ஸுக்கு வார்டு வாக்கியம், டாக்ஸி ஓட்டுநருக்கு வழி கேட்கும் வாக்கியம். சின்க்ளேர் வற்புறுத்தியபடி உண்மையாக எழுதப்பட்ட, பேசப்பட்ட வாக்கியங்களே சிறந்தவை என்றாலும், தொடக்கநிலையில் அவற்றில் தெரியாத சொற்கள் குவிந்துவிடும். முதலில் ஹார்ன்பி வழியில் எளிமையாக அமைத்த வாக்கியங்கள், கொஞ்சம் தேறிய பிறகு செய்தித்தாளிலும் பேட்டிகளிலும் வருபவை என்ற வரிசைதான் பொருத்தம்.

சுற்றிலும் ஆங்கிலம் இருக்கத்தான் செய்கிறது. மருந்து அட்டையில் ‘ஸ்டோர் இன் எ கூல், டிரை பிளேஸ்’, ‘கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்’ என்று இருக்கும். ரயில் நிலையத்தில் அறிவிப்பு கேட்கும். இவை சொல் வளர்க்க நல்லவை. ஆனால் அட்டைகளிலும் பலகைகளிலும் எழுவாயையும் ‘எ’, ‘தி’ போன்றவற்றையும் சுருக்கத்துக்காக விடுவது உண்டு. பேச்சுக்கு அவற்றை மாதிரியாகக் கொள்ள முடியாது.

மனத்தில் தங்கவைப்பது

ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-ல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வு, படித்தது தொடக்கத்தில் வேகமாக மறக்கிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது என்று காட்டியது. செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் இதற்கு அட்டைப்பெட்டி முறை ஒன்றைப் பரப்பினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போய்த் தாமதமாகத் திரும்பி வரும். தவறிய அட்டை முதல் பெட்டிக்கு வரும். இன்றைய செல்போன் செயலிகள் பலவும் இதே கணக்கில் இயங்குகின்றன. செயலி இல்லாவிட்டால் ஒரு நோட்டு போதும். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு, தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொல்லிப் பிறகு திறந்து பார்க்க வேண்டும். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் சொல்வது எளிது. அதில் பேச்சு வளராது. இடப்பக்கத்தில் எழுதுவது வீட்டில் பேசும் தமிழாக இருந்தால் இன்னும் நல்லது. ‘இன்னும் அரை மணி நேரம் ஆகும்’ என்ற நினைப்பு எழும்போது ‘இட் வில் டேக் அனதர் ஹாஃப் அன் அவர்’ நாக்கில் வர வேண்டும். நினைப்பு எப்போதும் பேச்சுத் தமிழில்தான் எழுகிறது.

இந்த முறைக்கு எட்டாதவையும் உண்டு. உச்சரிப்பு அவற்றில் முதலாவது. தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலம் ஒலிக்குச் சரியான வழிகாட்டி ஆகாது. வாக்கியத்தின் எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்பதை அது காட்டவே காட்டாது. ‘இன்னைக்குத்தான் வந்தார்’ என்பதில் ‘தான்’ செய்யும் வேலையை ஆங்கிலம் பெரும்பாலும் குரல் அழுத்தத்தால் செய்கிறது. அதைத் தமிழ் வரிசையில் ‘டுடே ஒன்லி ஹீ கேம்’ என்று பெயர்ப்பவர் ‘ஹீ கேம் ஒன்லி டுடே’ என்பதைக் காதால் கேட்டே பழக வேண்டும். கற்போருக்கான அகராதிகளின் இணையப் பதிப்புகள் சொற்களை ஒலியோடு தருகின்றன. முழு வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்துக்கு வானொலிச் செய்தி, பேட்டி, திரைப்படம் ஆகியவற்றை நாட வேண்டும். அடுத்தது, உரையாடல். தனி வாக்கியங்களில் தேறிய பிறகு நோட்டில் ஒற்றை வாக்கியத்துக்குப் பதில் கேள்வியும் பதிலுமாக ஜோடி ஜோடியாக எழுதத் தொடங்கலாம். ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் வெயிட்டிங்?’ என்பதற்கு ‘நாட் லாங்’ என்று இரண்டே சொல்லில் பதில் வருவதையும், முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் பேச்சில் இல்லை என்பதையும் அந்தக் கட்டத்தில்தான் கற்க முடியும்.